முழங்காலுக்குக் கீழே

ஸ்டெல்லாவின் இடது கால் முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே முடிந்துபோயிருந்தது. வலித்ததெல்லாம் அதற்கும் கீழேதான். கட்டைவிரல் குத்தியது. சுண்டுவிரல் எரிந்தது. உள்ளங்காலை யாரோ இரண்டு கையாலும் பிடித்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. நைட்டியின் ஓரம் கட்டில்மேல் தட்டையாகக் கிடந்து ஃபேன் காற்றுக்கு லேசாக அலையும், அவ்வளவுதான்.

தடவிக்கொடுக்கக்கூட முடியாத வலி. கையைக் கொண்டுபோனால் விரிப்புதான் தட்டுப்படும்.

கால் நசுங்கியது போன டிசம்பர் கடைசியில். கரியமாணிக்கத்திலிருந்து திருபுவனைக்கு அவளும் புருஷன் ஆண்டனியும் ஒரே பைக்கில்தான் வேலைக்குப் போவார்கள். அவனுக்கு இரும்புக் கம்பெனி, அவளுக்கு பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங். ஆறு மணி ஷிஃப்ட். இருபத்தொன்பதாம் தேதி விடிகாலையில் பனி பத்தடிக்கு மேல் பார்க்கவிடவில்லை. டயர் வெடித்த கரும்பு டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்றிருந்தது. ஆண்டனி பிரேக் அடித்தான், வண்டி சறுக்கியது. அவனுக்கு முழங்கையில் தோல் வழன்றதோடு சரி. அவள் கால் டிரெய்லர் சக்கரத்துக்கும் பைக்குக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. நசுங்கிய கரும்பின் தித்திப்பு வாசனைதான் அவளுக்குக் கடைசியாக ஞாபகம். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் போராடிப் பார்த்துவிட்டு, புது வருஷம் பிறந்த அன்றைக்குக் காலை எடுத்துவிட்டார்கள்.

புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. தையல் போட்ட இடம் வழவழவென்று குழந்தை முழங்கை மாதிரி ஆகிவிட்டது. இல்லாத கால் மட்டும் ஆறவில்லை.

பார்க்க வந்தவர்களிடம் முதலில் சொல்லிப்பார்த்தாள். "இல்லாத காலு எப்பிடிமா வலிக்கும்? மனசுதான் காரணம்" என்றார்கள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஒன்பதாவது படிக்கிற மகள் லில்லி மட்டும் ஒருநாள், "எந்த எடம்மா?" என்று கேட்டாள். ஸ்டெல்லா காட்டிய வெற்று விரிப்பின்மேல் அரைமணி நேரம் அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஆண்டனி கேட்கவில்லை. அவன் பைக்கை விற்றுவிட்டு கம்பெனி பஸ்ஸில் போய்வந்தான். போகுமுன் சோறு வடித்து, குழம்பு வைத்து, தண்ணீர் குடத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துவிட்டுப் போவான். அவளைத் தூக்கி உட்கார்த்துவான், குளியலறைக்கு அணைத்துக் கூட்டிப்போவான். எல்லாம் செய்தான், முகத்தை மட்டும் எங்கேயோ வைத்துக்கொண்டான். வலி வந்து அவள் கத்தும்போது எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நிற்பான். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்கும். அருவருப்பு போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டியது அவன் என்பதை இருவருமே வாயால் சொன்னதில்லை.

ஜூன் மாதம் டாக்டர் மாத்திரையை இன்னும் கூட்டினார். விழுங்கினால் நாள் முழுக்கத் தூக்கம், தூக்கத்துக்குள்ளும் வலி. "இதுக்கு மேல கூட்ட முடியாதும்மா" என்றவர் ஒரு சீட்டு எழுதினார். நெட்டப்பாக்கம் சுகாதார நிலையத்துக்கு வியாழக்கிழமைதோறும் புவனேஸ்வரி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் வருவதாகவும், வலியோடு இருப்பவர்களுக்குத் தியானம் சொல்லித்தருவதாகவும் சொன்னார்.

தியானம் என்றால் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது தவக்காலத்தில் மாதா கோயிலில் மூன்று நாள் நடக்கும் தியானக் கூட்டம்தான். வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்து, மைக்கில் தொண்டை கிழியப் பாவத்தைப் பற்றிப் பேசுவார். அப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் ஆட்டோவில் போனாள். போனால் பின்பக்கத்து அறையில் நாலு நாற்காலி, இரண்டு பாய், சுவரில் தடுப்பூசி அட்டவணை. புவனேஸ்வரிக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியில் சின்னக் கீற்றாய்த் திருநீறு. மைக் இல்லை. பேசுவதே காதுக்குள் பேசுகிற மாதிரி.

"எனக்கு மந்திரம்லாம் வராதும்மா. நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க" என்றாள் ஸ்டெல்லா.

"மந்திரம் இல்லக்கா. நீங்க உங்க மூச்சப் பாக்கப் போறீங்க, அவ்வளவுதான். மூச்சுக்கு இன்னா சாமி?" என்று சிரித்தாள் அவள்.

முதல் வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கண்ணை மூடினால் வலி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் வாரம் ஸ்டெல்லா தூங்கிப்போனாள். மூன்றாம் வாரம்தான், புவனேஸ்வரி சொல்லச் சொல்ல, கவனத்தை உச்சந்தலையிலிருந்து மெதுவாகக் கீழே இறக்க வந்தது. நெற்றி. தாடை. இத்தனை மாதமாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தோள். வயிறு. வலது தொடை, வலது கால், வலது பாதம். திரும்பி வந்து இடது தொடை, இடது முழங்கால். அதோடு நின்றுகொண்டாள்.

"ஏங்க்கா அங்கேயே நிக்கிறீங்க? கீழ போங்க."

"கீழ இன்னா இருக்குது போறதுக்கு?"

"வலி இருக்குல்ல? அப்ப எடமும் இருக்கு. போய்ப் பாருங்க. வெரட்டப் போகாதீங்க. சும்மா பாக்கப் போங்க."

அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த வலிக்கு ஓர் இடம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் இந்தப் பெண்தான். கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள்.

முழங்காலுக்குக் கீழே போனதும் சூடு. அடுப்பு வாயருகே முகத்தைக் கொண்டுபோன மாதிரி. ஓடி மேலே வந்துவிட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தாள். காலை பத்து மணிக்கு மேல் தெருவே அடங்கிக் கிடக்கும். லில்லி பள்ளிக்கூடத்தில், ஆண்டனி கம்பெனியில். தூரத்தில் டிராக்டர் உழுகிற சத்தம் ஒன்று வண்டின் ரீங்காரம் போல வந்துபோகும். ஜன்னல் வெளிச்சம் தரையில் கட்டம் கட்டமாய் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகரும். கட்டிலில் சாய்ந்து மூச்சைப் பார்த்துக்கொண்டு அவள் இறங்குவாள். மடை திறந்த வயலில் தண்ணீர் எப்படி அவசரமில்லாமல் ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பிக்கொண்டு போகுமோ அப்படி.

சூட்டுக்குள் நிற்கப் பழகிக்கொண்டாள். நின்று பார்த்தால் சூடு ஒரே மாதிரி இல்லை. ஏறியது, இறங்கியது, நடுவில் ஒரு நொடி இல்லாமலும் போனது. அந்த ஒரு நொடி வழியாக நுழைந்து இன்னும் கீழே போனாள். அங்கே குளுமையாக இருந்தது. கணுக்கால் இருந்தது. அவளுடைய கணுக்கால்தான், எலும்பு துருத்திக்கொண்டு. ஏழு மாதத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்த உறவுக்காரியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். சில நாள் அதற்குமேல் போகாமல் அங்கேயே இருந்துவிட்டு வந்தாள். அந்த நாட்களில் கண் திறக்கும்போது ஜன்னல் வெளிச்சம் சுவருக்கு ஏறியிருக்கும், சோறு ஆறிப்போயிருக்கும், தான் எங்கே போய்விட்டு வந்தோம் என்பதே சட்டென்று பிடிபடாது.

ஆகஸ்டில் ஒருநாள் பாதம் வரைக்கும் போனாள்.

ரோட்டோரப் பனியும் டிராக்டரும் இருக்கும் என்று பயந்திருந்தாள். அதெல்லாம் இல்லை. இருட்டாக இருந்தது. ஈர மண் வாசனை அடித்தது. இடம் சின்னதாக இருந்தது, ரொம்பச் சின்னதாக. பாதம் ஒருபக்கமாய்ச் சாய்ந்து, விரல்கள் எதன்மேலோ மோதி மடங்கிக் கிடந்தன. நீட்ட இடமில்லை. வலி அங்கேதான் உட்கார்ந்திருந்தது, மடங்கிய அந்த ஐந்து விரலுக்குள்.

கண்ணைத் திறந்தபோது வியர்த்திருந்தது. எங்கே இருக்கிறது அது? இத்தனை நாளில் ஒருதரம்கூட அவள் இதைக் கேட்டதில்லை. எடுத்த காலை என்ன செய்திருப்பார்கள்?

சாயங்காலம் ஆண்டனி வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். லில்லி டியூஷனுக்குப் போயிருந்தாள். ஸ்டெல்லா ஊன்றுகோலை ஊன்றி வாசற்படி வரை வந்து நின்றாள்.

"இன்னாயா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"ம்."

"என் கால எங்க வச்ச?"

அவன் கை நின்றது. கீரைத் தண்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரில அவங்களே பாத்துக்குவாங்கன்னு சொன்னாங்க" என்றான்.

"அத கேக்கல. நீ எங்க வச்ச?"

ஆண்டனி அழுது அவள் பார்த்ததில்லை. அவன் அப்பா செத்தபோதுகூட அழவில்லை. இப்போதும் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சொன்னான், முகத்தை நிமிர்த்தாமலே.

குப்பையோடு போய்விடக்கூடாது என்று அவன்தான் கேட்டு வாங்கினான். ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி, துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பெட்டி எதுவும் கையில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடியபோது மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிதான் கிடைத்தது. தன் வேட்டியில் சுற்றி அதற்குள் வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், தானே மண்வெட்டியால் தோண்டிப் புதைத்தான். உபதேசியார் வந்து ஒரு செபம் சொன்னார். புது வருஷம் என்பதால் ஊரெல்லாம் பூசைக்குப் போன உடுப்போடு தெருவில் நடந்துகொண்டிருந்தது. யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

"நீளம் பத்தல ஸ்டெல்லா. பெட்டி நீளம் பத்தல. வேற பெட்டி தேடிப் போவ எனக்குத் தெம்பு இல்ல. வெரல மடக்கி... மடக்கிதான் மூடுனேன்." மூக்கை உறிஞ்சினான். "நெயில் பாலிஷ் போட்டிருந்துச்சு. கிறிஸ்மஸுக்கு லில்லி போட்டுவுட்டது. செவப்பா. நீ கத்துற ஒவ்வொரு வாட்டியும் எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணுல நிக்கிது. அதான் உள்ள இருக்க முடியல, எழுந்து ஓடிடறேன்."

ஸ்டெல்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து படியில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஏழு மாதமாக இந்த மனுஷன் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றது எதற்கு என்பது மட்டும் தெரிந்தது. அவன் தலைமயிரில் கை வைத்தாள். இரும்புத்தூள் நறநறத்தது.

"நீ வேணும்னா பண்ண? வுடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் மண்வெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"நேரா வச்சிட்டு வந்துடறேன். நல்ல மரப்பெட்டியா சொல்லிக்கிறேன்."

"பைத்தியமா உனுக்கு? ஏழு மாசம் ஆச்சி. அட்டப்பெட்டிலாம் எப்பவோ மண்ணாப் போயிருக்கும். அங்க மடங்குறதுக்கு ஒண்ணும் இருக்காது." சொல்லும்போதே அவளுக்கு உள்ளங்கால் சுரீரென்றது. பல்லைக் கடித்து, கடித்ததைக் கவனித்து, விட்டாள். "மம்மட்டிய வச்சிட்டு ஒரு ஆட்டோ கூப்புடு. என்ன அங்க இட்டுகினு போ."

பூசை முடிந்து ஊர் சாப்பிடப் போன நேரம். கல்லறைத் தோட்டத்தில் ஆள் இல்லை. வேம்பு பழுத்து உதிர்ந்திருந்தது, மிதித்த இடமெல்லாம் பிசுபிசுத்தது. ஆண்டனி ஆட்டோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கிப்போட்டான். அவன் அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்தில் அடையாளமே இல்லாத ஒரு துண்டு நிலம், புல் முளைத்திருந்தது. "இதான்" என்றான். தானும் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னா பண்ணப் போற?"

"தெனம் பண்றததான். நீ பேசாத இரு."

வெயில் வேப்பிலை வழியாகச் சல்லடையாக விழுந்தது. எங்கேயோ ஒரு அக்காக்குயில் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா மூச்சைக் கவனித்தாள். நெற்றி, தாடை, தோள். இறங்கினாள். முழங்கால். சூடு. நின்றாள். சூடு ஏறி, இறங்கி, விலகி வழிவிட்டது. கணுக்கால். குளுமை. மண் வாசனை இப்போது உள்ளேயிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியவில்லை. வேரின் சலசலப்பு கேட்பதுபோல இருந்தது. தான் மேலே நாற்காலியில் இருக்கிறோமா, கீழே படுத்திருக்கிறோமா என்பதும் கலங்கிப்போயிற்று. அதில் பயமில்லை. நல்ல மழைநாளில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது வருகிற சுகம்தான் இருந்தது.

பாதத்துக்கு வந்தாள். விரல்கள் மடங்கியே இருந்தன. வலி எழும்பிற்று, முன்னைவிட அதிகமாக. கண்ணோரம் நீர் வழிந்தது. ஓடவில்லை. "இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளுக்குள் சொன்னாள், காய்ச்சலில் பிதற்றுகிற குழந்தையிடம் சொல்வதுபோல.

"சுண்டுவெரலு" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆண்டனி நிமிர்ந்து பார்த்தான். அவளுக்கு என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் கையை நீட்டிப் புல்லின்மேல், மண்ணோடு சேர்த்து, உள்ளங்கையைப் பரப்பிவைத்தான்.

ஒரு மூச்சை உள்ளே இழுத்து விரலுக்கு அனுப்பினாள். இழுத்து நீட்டவில்லை. அதுவாக நீளட்டும் என்று இடம்விட்டாள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ. நனைந்து இறுகிய முடிச்சு ஒன்று தானாக நெகிழ்கிற மாதிரி, சுண்டுவிரல் நீண்டது. அப்புறம் அடுத்தது. அடுத்தது. நடுவிரல் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. கட்டைவிரல் கடைசியாக வந்தது, வந்தபோது முழங்காலுக்கு மேலே தொடை முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அடங்கியது.

பிறகு ஒன்றுமில்லை. ஏழு மாதத்தில் முதல்தடவையாக அங்கே ஒன்றுமே இல்லை. அக்காக்குயில் நிறுத்தியிருந்தது. வேப்பம்பழம் ஒன்று நாற்காலிக் கையில் பட்டுக் கீழே உருண்டது. அவள் அசையாமல் இருந்தாள், அசைந்தால் கலைந்துவிடும் என்பதுபோல. கண்ணைத் திறந்தபோது ஆண்டனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை எங்கேயும் கொண்டுபோகவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டான். அவன் அதைக் கேட்டது அதுதான் முதல்தடவை.

"இப்ப இல்ல."

சாயங்காலமே வலி திரும்பி வந்துவிட்டது. ஆனால் அது வேறு வலியாக இருந்தது. முறுக்கவில்லை. நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்த காலில் இருக்குமே, அப்படி ஒரு கடுப்பு. கால் நீட்டிப் படுத்திருந்தது. அடுத்த வியாழக்கிழமை நடந்ததையெல்லாம் சொன்னபோது, புவனேஸ்வரி நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். காலை இழந்த பலருக்கும் கடைசியாக அது இருந்த நிலை மூளைக்குள் அப்படியே தங்கிவிடும், நசுங்கியபோது விரல் மடங்கியிருக்கும், மயக்கத்தில் கிடந்தபோது காலைப் பற்றி யாராவது பேசியதுகூடக் காதில் விழுந்திருக்கலாம் என்றாள். "இருக்கும்" என்றாள் ஸ்டெல்லா. அவளுக்கு இதுவும் சரியாகப் பட்டது, அதுவும் சரியாகப் பட்டது. எதை வைத்து எதைத் தள்ளுவது?

வலி முழுசாகப் போகவில்லை. மேகம் மூடிக்கொண்டு வரும் நாட்களில் கூடுதலாக வரும். வந்தால் அவள் பதறுவதில்லை. போய்ப் பார்ப்பாள், கொஞ்சநேரம் கூட இருப்பாள், சில நாள் குறையும், சில நாள் குறையாது. குறையாத நாளில் மாத்திரை போட்டுக்கொள்வாள். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கியிருந்தார். பகலில் தூக்கம் தள்ளுவது நின்றதும் லில்லியின் பாடப் புத்தகத்தை வாங்கிப் படித்துப் பார்த்தாள், கணக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. ஆண்டனி குழாயடிக்குப் போவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்க வரைக்கும் போன இன்னிக்கி?" என்று கேட்பான், ஏதோ அவள் பாகூர் வரை போய்வந்த மாதிரி.

அக்டோபர் கடைசியில் செயற்கைக் கால் பொருத்தக் கூப்பிட்டார்கள். மழை பிடித்துக்கொண்ட வாரம். இரண்டு பக்கமும் கம்பி வைத்த நடைபாதையில் அவளை நிறுத்தி, கால் பொருத்துகிற கண்ணையன் வார்களை இறுக்கினார். ஊன்றிப் பார்க்கச் சொன்னார். ஊன்றியதும் தையல் போட்ட இடத்தில் தோலோடு எலும்பு அழுந்தி உயிர் போயிற்று. இது புது வலி, நிஜமான சதையின் வலி. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"இன்னாமா, மயக்கம் வருதா? நாற்காலி போடவா?" என்று பதறினார் கண்ணையன்.

"இல்லண்ண. ஒரு நிமிஷம் இருங்க."

"சும்மா வுடுங்கண்ண, அவ உள்ள போயிருக்கா. வருவா" என்றான் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றிருந்த ஆண்டனி.

கண்ணையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். ஸ்டெல்லா ஆறேழு மூச்சு விட்டாள். தாடை தளர்ந்தது. கண்ணைத் திறந்து, தரையைப் பார்க்காமல் எதிரே பார்த்து, இடது பக்கம் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஓர் அடி. கம்பியைத் தள்ளிப் பிடித்து இன்னோர் அடி. நாலாவது அடியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"இன்னிக்கி இது போதும்மா" என்றார் கண்ணையன்.

"இன்னும் ரெண்டு" என்றாள் ஸ்டெல்லா.